பள்ளத்தாக்கில் அப்பா போட்ட சத்தம்

எங்கள் அப்பா வழியில் எங்கும் நிறுத்தாத மனிதர். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து மொன்றியலுக்குப் போனாலும், பெற்றோல் அடிக்கிற இடத்திலேயே எல்லாரும் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட வேண்டும். அப்படிப்பட்டவர் அமெரிக்கப் பாலைவனத்தின் நடுவில் சுற்றுலா இடம் காட்டும் மண்ணிறப் பலகை ஒன்றைக் கண்டதும் தானாகவே காரைத் திருப்பினார். பின்சீற்றில் இருந்த நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அப்போது பத்து வயது.

பீனிக்ஸில் இருந்த பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம். லாஸ் வேகாஸ் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தோம். அன்று பின்னேரம் பெரியப்பா வீட்டில் பலகாரச் சூடு. கல்யாணத்துக்கு முன்பு சொந்தக்காரர் கூடி அடுப்பு மூட்டிப் பலகாரம் சுடுகிற நாள் அது. அதற்குப் போகிறவர்கள் வீட்டுக்காரர், நேரே மண்டபத்துக்குப் போகிறவர்கள் வெறும் விருந்தாளிகள் என்பது அம்மாவின் கட்சி. எண்ணெய் காய முன்னம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் நான் பிறப்பதற்கு முன்பே கதை பேச்சை விட்டவர்கள். ஊரில் ஏதோ காணி விசயம் என்பதற்கு மேல் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அவரைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் அப்பா ‘உங்கடை பெரியப்பா’ என்பார், தனக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லாததுபோல. பெரியம்மா தொலைபேசியில் அழுது கூப்பிட்டதால்தான் இந்தப் பயணமே.

“இஞ்சேருங்கோ, இப்ப ஏன் உதுக்குள்ளை திருப்புறியள்?” என்றார் அம்மா.

“ஏதோ பள்ளத்தாக்காம். பிள்ளையள் ஒருக்காப் பாக்கட்டும்.”

பிள்ளைகள் கேட்கவேயில்லை. வழி சொல்லும் போன்காரி மட்டும், திரும்பு திரும்பு என்று அம்மாவின் பக்கம் நின்றாள். அப்பா போனையே அணைத்துவிட்டார்.

புழுதி பறக்க நெடுநேரம் போனபின் ஒரு சிறிய கட்டடம் வந்தது. அதற்கு அப்பால் நிலம் சட்டென்று முடிந்திருந்தது, கேக்கில் ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்ததுபோல. சிவப்பும் மஞ்சளும் மண்ணிறமுமாக அடுக்கடுக்காகப் பாறை. அடியில் நூல்போல் பச்சையாக ஏதோ தெரிந்தது. இதையெல்லாம் கிண்டியது யார் என்று அப்பாவிடம் கேட்டேன். அடியில் ஓடுகிற அந்தத் தண்ணீர்தான் என்றார். என்னால் நம்பவே முடியவில்லை. எங்கள் ரூஜ் ஆறு இதைவிடப் பெரிது, அது ஏன் ஸ்காபரோவை இப்படிப் பிளக்கவில்லை என்று கேட்டேன்.

விளிம்பைத் தாண்டிக் கண்ணாடித் தளம் போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற பெண் சப்பாத்துக்கு மேல் மாட்டத் துணியுறை தந்தாள். உறையைக் கண்டதும் அம்மாவுக்குக் கோயில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அம்மாவைப் பார்த்து நாங்கள் எல்லாரும் கழற்றினோம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். கீழே பார்த்தால் என் காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, இன்னும் பார்க்க வேண்டும்போலவும் இருந்தது.

இங்கே கத்தினால் எதிர்ப்பாறை திருப்பிச் சொல்லும் என்றாள் அந்தப் பெண். தம்பி தன் பெயரைக் கத்தினான். பாறை அவனைக் கூப்பிட்டது. நான் “ஆர் அங்கை” என்று கேட்டேன். அதுவும் என்னை அப்படியே கேட்டது. அப்பா மட்டும் கம்பியைப் பிடித்தபடி சும்மா நின்றார். பிறகு தொண்டையைச் செருமி மெல்ல ஒரு சொல் சொன்னார். ஒன்றும் திரும்பி வரவில்லை. அடுத்த முறை அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“அண்ணை.”

அண்ணை என்றது பாறை. அப்பா மறுபடியும் கத்தினார். அதுவும் மறுபடியும் சொன்னது.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஸ்காபரோவில் மீன்கடைக்காரரையும் அப்பா அண்ணை என்றுதான் கூப்பிடுவார். பெயர் தெரியாத கல்லையும் அப்படிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதுவரை நேரம் போகுது, நேரம் போகுது என்று முணுமுணுத்த அம்மா அதைக் கேட்டதும் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எண்ணெய் காய்ந்து, பணியாரம் முடிந்து, முறுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கராஜுக்குள் அடுப்பு. சறத்தை மடித்துக் கட்டியபடி பெரியப்பா சட்டிக்கு முன்னால் எண்ணெய் வடிக்கிற கண்ணகப்பையோடு இருந்தார். படத்தில் மட்டும் பார்த்திருந்த அவரை நேரில் கண்டதும், அப்பா மீசை வைத்ததுபோல் இருந்தது. அப்பா வாசலில் நின்றார்.

“இஞ்சையும் நல்ல வெக்கைதான்” என்றார் கடைசியில், பக்கத்தில் இருந்த மா மூட்டையைப் பார்த்து.

“கதிரை எடுத்துப் போடும்” என்றார் பெரியப்பா, பெரியம்மாவைப் பார்த்து.

எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னிடம் நல்ல செய்தி ஒன்று இருக்கும்போது இவர்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று எனக்குத் தாங்கவில்லை.

“பெரியப்பா, நாங்கள் வழியிலை ஒரு பெரிய பள்ளம் பாத்தனாங்கள். அங்கை அப்பா கல்லைப் பாத்து அண்ணை எண்டு கத்தினவர்.”

அம்மா கண்ணால் அதட்டினார். பெரியப்பா நிமிர்ந்தார்.

“என்னெண்டு கத்தினவன்?”

“அண்ணை எண்டு.”

“விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லு பிள்ளை.”

உரத்துச் சொன்னேன். சட்டியில் முறுக்குக் கறுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் திரும்பவும் கேட்டார், நானும் கராஜ் அதிரச் சொன்னேன். அப்பா தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா கண்ணகப்பையை அப்பாவிடம் நீட்டினார். “இந்தா, பிடி. கருகப்போகுது.”

அப்பா வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குந்தினார். நான் ஒரு முறுக்கோடு தம்பியிடம் ஓடினேன். பாவம், பெரியப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, இனி அவரோடு சத்தமாகத்தான் கதைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவைத்தேன்.