போன் வந்ததும் மாத்திரை

திவ்யலட்சுமி டாக்டர்தான், ஆனால் மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் இல்லை. எழுதித் தந்த மாத்திரையை மனிதர்கள் ஏன் விழுங்குவதில்லை என்று ஆராய்கிற உளவியல் டாக்டர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதிய அவள் அப்பா பகவதிப்பெருமாளுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "மாத்திரைய முழுங்குன்னு சொல்லதுக்கு ஒரு பிஎச்.டி.யா மக்களே?" என்று மகளைக் கேட்டுச் சிரிப்பார். சொன்னால் விழுங்கிவிடுவார்கள் என்று நம்பிய பாக்கியசாலி அவர்.

எச்.ஐ.வி. மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினால் ஊராரைப் போலவே வாழலாம். விட்டால் கிருமி தலைதூக்கும். இவ்வளவு எளிய விஷயம் ஏன் முடிவதில்லை என்று கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலை நரைத்தது. மாமியார் கண்ணுக்குப் பயந்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, எடுக்க வழியில்லாமல் விழித்தவர்கள் உண்டு. கழக்கூட்டம் ஹாஸ்டலில் அறைத்தோழி தூங்கட்டும் என்று காத்திருந்து தாமே தூங்கிப்போனவர்கள் உண்டு. இவர்களிடமிருந்து அவள் இரண்டு பாடம் கற்றாள். மாத்திரையைத் தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் கட்டுரையாக எழுதினாள். வெளிநாட்டுக்கெல்லாம் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள்.

பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த ராஜபாயிடமும் அதையேதான் சொன்னாள். ராஜபாய் விதவை, புருஷன் விட்டுப்போன சொத்து இந்த நோய் ஒன்றுதான்.

"உங்க வீட்டுல தெனமும் தப்பாம நடக்கிற காரியம் என்னக்கா உண்டு?"

ராஜபாய் யோசிக்கவே இல்லை. "என் மகன் ஷாஜி சார்ஜாவுலேர்ந்து காலத்தே விளிப்பான் மேடமே. வேலைக்குப் போற வண்டியில ஏறுன உடனே போன் பண்ணிருவான். பல்லு தேய்க்க நான் மறந்தாலும் அவன் மறக்க மாட்டான்."

போன் வந்ததும் மாத்திரை என்று முடிவாயிற்று. ஆண்டுக்கணக்கில் அது பிசகவில்லை. பரிசோதனையில் கிருமி தென்படவே இல்லை. வரும்போதெல்லாம் ராஜபாய் ஒரு பை மரச்சீனிக் கிழங்கு கொண்டுவருவாள். நோயாளியிடம் எதையும் வாங்கக் கூடாது என்ற விதியைக் கிழங்கு விஷயத்தில் மட்டும் திவ்யலட்சுமி கண்டுகொள்ளவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது பாடம் பாக்கி இருந்ததே! "ஷாஜிட்ட சொல்லிருங்கக்கா. உங்க பக்கம் நிப்பான்" என்றாள். எத்தனையோ பேருக்கு அது பலித்திருந்தது. ராஜபாய் ரொம்ப நாள் தயங்கி, மகன் லீவில் வந்தபோது சொன்னாள்.

அம்மா பரிமாறிய சோற்றைத் தொடாமல் அவன் எழுந்தான். லீவு முடியும் முன்பே சார்ஜாவுக்குத் திரும்பினான். போன் நின்றுபோனது.

மாதங்கள் கழித்து ராஜபாய் மருத்துவமனைக்கு வந்தபோது காசநோய் பிடித்து ஆள் பாதியாகியிருந்தாள். மாத்திரை டப்பாக்கள் குறையாமல் பைக்குள் கிடந்தன.

"ஏங்கக்கா இப்படிச் செஞ்சீங்க?"

"உள்ளங்கையில எடுத்து வச்சிட்டு இருப்பேன் மேடமே. இப்ப விளிப்பான், இப்ப விளிப்பான்னு. அவன் விளிக்காம முழுங்கினா, இனி விளிக்க மாட்டான்னு நானே சம்மதிச்ச மாதிரி ஆயிராதா?"

திவ்யலட்சுமி அந்த டப்பாக்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "என்ன மன்னிச்சிருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க என்ன செய்வீங்க? பிள்ளை நான் பெத்ததுல்லா."

ராஜபாய் வீடு திரும்பிய மறுநாளிலிருந்து திவ்யலட்சுமியே காலையில் கூப்பிட்டாள். ஷாஜி கூப்பிடும் அதே நேரம். இது எந்த ஆராய்ச்சியிலும் சேராது. யாராவது கேட்டால் சொல்லவும் முடியாது. "பக்கத்து வீட்டு லிபிட்ட சொல்லி உங்க நம்பரப் போன்ல ஏத்தியாச்சு மேடமே" என்றாள் ராஜபாய். தண்ணீர் மடக்மடக்கென்று இறங்கும் சத்தம் கேட்கும்வரை திவ்யலட்சுமி காத்திருப்பாள். பிறகு ராஜபாய் மழை, கோழி, சர்ச்சில் நடந்த சண்டை என்று மகனிடம் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போவாள்.

ஆனாலும் தாமதமாகிவிட்டது. உடம்பு தேறவே இல்லை. ஒரு நாள் போனை யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஓர் ஆண்குரல் எடுத்தது.

"அம்மை போயிட்டா. நேத்து அடக்கம். நான் மகன்."

"நீங்க யாரு?" என்று அவனே தொடர்ந்து கேட்டான். "தெனமும் நான் விளிக்கிற நேரத்துக்கு இந்த நம்பர்லேர்ந்து வந்திருக்கு. இப்ப மணி அடிச்சப்போ போன்ல எம் பேருதான் தெரிஞ்சுது. ஷாஜின்னு."

"அம்மா மாத்திரை போட்டாங்களான்னு கேக்கக் கூப்பிடுவேன் தம்பி."

"போட்டாளா?"

"ஒரு நாளும் விடல."

அவன் வாய்விட்டு அழுதான். வைத்துவிட மனம் வராமல், அவன் அழுது முடிக்கும்வரை திவ்யலட்சுமி போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.