காதுக் காட்சி

வரிசையில் நிற்பவர்களின் கழுத்தைத்தான் எங்கள் அடுக்குமாடி அக்கா எப்போதும் கவனிப்பார். ஒருவரை இன்னொருவர் முந்த நினைத்தால் முதலில் கழுத்து நீளுமாம், பிறகு தோள் விரியுமாம். "பல்லுவலி வந்தா கோட்டு சூட்டெல்லாம் சும்மா. உள்ள இருக்கறது வெளிய வந்துரும்" என்பார். அவர் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அங்கே கற்றதை வைத்து ஒரு படம் எடுத்தார். எழுத்து, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. கேமரா என் கைபேசி. விளக்குப் பிடித்தவர் அவர் வீட்டுக்காரர். கதை இதுதான்: மின்சாரம் போய்க் குழாய் வறண்டதும், அடுக்குமாடியின் கனவான்கள் கார் நிறுத்துமிடத்தில் இரு கூட்டமாகப் பிரிகிறார்கள், ஜெனரேட்டரைக் கும்பிடுகிறார்கள். தண்ணீர் டிரம்மைக் காக்கும் தலைவியாக அக்கா, நெருங்கி வருபவனின் காதைக் கடிக்கிறார்.

முன்னோட்டத்தைப் பார்த்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். போன கோடையில் லாரித் தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் காதைக் கடித்தவர் அவர். ரகசியம் சொல்வதற்காக அல்ல.

"அந்தக் காது சீனைத் தூக்கிடுங்கம்மா. நாங்கெல்லாம் கௌரவமானவங்க."

"உங்க பேரைச் சொன்னேனா சார்?"

"பாத்தாலே தெரியுதே!"

"தெரியட்டும்."

அவர் போனதும், வேலைக்குப் போகும் அக்காவின் மகன் கெஞ்சினான். "விடும்மா, இவங்க மூஞ்சிலதான் தினமும் முழிக்கணும்."

"அவங்களும் என் மூஞ்சிலதான் முழிக்கணும். படத்துல ஒரு பல்லைக்கூடப் பிடுங்க மாட்டேன்."

சங்கக் கூடம் கிடைக்கவில்லை. ஞாயிறு மதியம் கார் நிறுத்துமிடத்திலேயே வெள்ளைப் போர்வையைக் கட்டிப் படத்தைப் போட்டோம். சிரிப்பு அலை அலையாக எழுந்தது. திரையில் அக்கா டிரம்மின் மீது கை வைத்து உறுமிய நேரத்தில் செயலாளர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"அவ்ளோதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, திரையின் முன் போய்த் தரையில் கை ஊன்றி, படத்தில் விட்ட உறுமலைத் தொடர்ந்தார். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். காதைக் கொடுக்க வேண்டிய நடிகர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவர் செயலாளரின் மைத்துனர்.

கடைசி வரிசையிலிருந்து மகன் நடந்து வந்தான். அம்மாவின் எதிரே மண்டியிட்டு, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினான்.

அக்கா கடித்தார்.