ரெண்டாம் பிள்ளை

நேற்று மகளின் வயலின் பெட்டியைத் திறந்ததும் எழுந்த மணம், வில்லில் தேய்க்கும் ரோசினின் மணம், இன்று அடுக்குமாடி வீடுகளாகிவிட்ட ஒரு லண்டன் லூயிஷாம் மண்டபத்துக்கு என்னை இழுத்துச் சென்றது. எண்பதுகளின் கடைசியில் தபால்காரரும் பல்வைத்தியரும் சேர்ந்து நடத்திய உள்ளூர் சிம்பனி இசைக்குழு, சனிக்கிழமை காலைகளில் அங்கே பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது. ஈரக் கோட்டுகளின் வாடைக்கும் ஹீட்டரின் முனகலுக்கும் நடுவே நாங்கள் சுருதி சேர்த்தால் பூனைகள் சொத்துப் பிரிப்பது போலிருக்கும், அதில் அதிகம் கத்திய பூனை நான்தான்.

என்னை 'செகண்ட் வயலின்' பகுதியில் உட்காரவைத்தார்கள். வகுப்பில் எத்தனையாவதாக வந்தாய் என்பதை 'எத்தனையாம் பிள்ளை' என்று கேட்டே பழகிய யாழ்ப்பாணத்து அப்பா, அதைப் பரீட்சையில் வந்த இடம் என்று எடுத்துக்கொண்டு, கோயிலில் கண்டவரிடமெல்லாம், "முழு லண்டனிலையும் என்ரை மகள் ரெண்டாம் பிள்ளை" என்று சொல்லித் திரிந்தார். செகண்ட் என்பது முதல் வயலின்களுக்குத் துணையாக இழுக்கும் ஒரு கூட்டம் என்று எனக்குத் தெரியும். பதினொரு வயதில் வேறு புகழ் எதுவும் கைவசம் இல்லாததால் திருத்தவில்லை.

கச்சேரிக்கு அப்பா பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். முடிவில் செகண்ட் வயலின்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். பதினான்கு பேர் எழுந்தோம். தட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கைகள் ஒரு கணம் நின்று, பிறகு மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டின. பஸ்ஸில் என் வயலின் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வெள்ளி கோயிலில் ஒரு மாமா, "என்ன மாஸ்டர், மகள் இப்பவும் ரெண்டாம் பிள்ளையோ?" என்றார். ஊரில் கணக்கு வாத்தியாராக எந்தப் பிள்ளைக்கும் அரைப் புள்ளிகூடக் கூட்டிப் போட்டறியாத அப்பா, என்னைப் பார்க்காமல், "ஓம், ரெண்டாம் பிள்ளைதான்" என்றார்.