பாதிக் கிணறு

விற்பதென்று முடிவான பிறகுதான் எங்கள் வீடு அத்தனை அழகாக இருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் அப்பா ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. பாளையங்கோட்டையில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்துவிட்டார். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். அதனால் தரகர் சொன்னதெல்லாம் எங்களுக்கு வேதவாக்கு. வாசல் பிச்சிக்கொடிக்குப் புதுப் பந்தல் போடச் சொன்னார். சிவப்புத் தரையை எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னார். அடுக்களை ஜன்னலைத் திறந்தே வைக்கவேண்டும், ஆற்றுக் காற்று வருவது வந்தவர்களுக்குத் தெரியவேண்டும் என்றார்.

சொன்னது அவர், செய்தது அத்தை. அப்பாவின் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷம் மாமா இறந்துபோக, அப்போதிருந்து எங்களோடு இருந்தவள். நான்கு நாள் முட்டி போட்டுத் தரையைத் தேய்த்தாள். அம்மா மேற்பார்வை பார்த்தாள். அம்மாவுக்கு அது நன்றாக வரும்.

எல்லாம் முடிந்ததும் தரகர் வந்து பார்த்துவிட்டு அப்பாவை ஓரமாக அழைத்தார்.

"அண்ணாச்சி, வீடு தங்கமா இருக்கு. ஆனா வாரவங்க புதுசாக் கல்யாணமான மகளுக்குப் பாக்குதாங்க. ராசி பாக்குத ஆளுங்க. உங்க அக்காவை அன்னைக்கு ஒரு பொழுது மட்டும் பைய அங்கன இங்கன இருக்கச் சொல்லுங்க."

அப்பா தலையாட்டினார். என்னை அழைத்து, வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் நாலு பேர் என்று சொல்லச் சொல்லித் தந்தார். எனக்கு எட்டு வயது. அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று விரல் மடக்கிக் காட்டினேன். கணக்குச் சரியாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கிணறு எங்களுக்கும் அவர்களுக்கும் பாதிப் பாதி. நடுவில் ஆள் உயரச் சுவர். இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி.

வீடு பார்க்க, கல்யாணமான அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். பிச்சிப் பந்தலைப் பார்த்து நின்றாள். தரையைக் காலால் தடவி, "யாரு இப்படித் தொடைக்கது?" என்று கேட்டாள். "நாந்தான்" என்று அம்மா வெட்கப்பட்டாள். கடைசியில் கிணற்றடிக்கு வந்தார்கள். கோடையிலும் வற்றாது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட்டாள்.

"ஏட்டி, வீட்டுல எத்தன பேரு இருக்கிய?"

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு மாதிரி இருந்தது. நான் எவ்வளவு நன்றாகச் சொல்கிறேன் என்று அவளுக்கும் தெரியட்டுமே என்று சத்தமாகவே சொன்னேன்.

"நாலே நாலு பேருதான். வேற யாரும் கிடையாது!"

அந்தப் பக்கத்துக் கப்பி நின்றது. அந்த அம்மாள் சிரித்தாள். அன்றே வீட்டுக்கு விலை படிந்துவிட்டது.

மத்தியானம் அத்தை திரும்பி வந்ததும் ஓடிப்போய், "கேட்டுச்சா அத்தை?" என்றேன்.

"கேட்டுச்சு மக்கா. நல்லாக் கேட்டுச்சு." என் தலையை வாரி, பிச்சிப்பூ வைத்துவிட்டாள்.

நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே, அத்தை தன் தகரப் பெட்டியோடு ஆழ்வார்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். அங்கே மாமா வழியில் ஒரு தூரத்துச் சொந்தம் இருந்தது. நாலு நாளில் வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை வரவில்லை. இரண்டே படுக்கையறை உள்ள வீட்டை வாங்கிய அப்பா, "அவளாத்தான் போனா, நான் போகச் சொல்லவேயில்ல" என்று இன்றைக்கும் சொல்கிறார். அது உண்மைதான். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைக் கிணற்றடியில் நின்று கணீரென்று சொன்னவள் நான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அப்பா சொல்லித் தந்தது நாலு பேர் என்பது மட்டும். வேறு யாரும் கிடையாது என்பதை நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன்.