சொர்ணம் எழுதிய கடிதங்கள்

சேக்காட்டுச் சொர்ணத்தின் தாயும் தகப்பனும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வயல்கள் வீட்டுமனைகளானபோது, பத்தாம் வகுப்பு முடித்திருந்த சொர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெகதீசன் என்பவரின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். விவசாயிகள் முதுகில் மாட்டிக்கொண்டு பயிருக்கு மருந்தடிக்கும் மெஷின் அங்கே தயாரானது. கவரில் முகவரி ஒட்டுவது சொர்ணத்தின் வேலை.

தொண்ணூற்றாறில் ஜெகதீசன் வழவழப்பான தாளில் கலர் நோட்டீஸ் அடித்து இரண்டாயிரம் விவசாயிகளுக்கு அனுப்பினார். நான்கு பேர் பதில் போட்டார்கள். இனித் தபாலே வேண்டாம் என்று அவர் சொன்ன அன்று, சொர்ணம் அவர் அறைக்குள் போய் நின்றார்.

"இத்தப் படிச்சா யாருக்கு எழுதினதுன்னே தெரியல சார். ஒரு ஆளாண்ட பேசுற மாரி நான் எழுதிப் பாக்குறேன். எர்நூறு கவர் மட்டும் குடுங்க."

ஜெகதீசன் சிரித்தாராம். ஆனாலும் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தில் விலையும் இல்லை, படமும் இல்லை. உங்கள் ஊரில் இப்போது என்ன பயிர், மருந்தடிக்கும்போது எது தொந்தரவாக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் மட்டும். கூடவே தபால்தலை ஒட்டிய பதில் அட்டை. எழுபத்தோரு பேர் எழுதினார்கள். பலரும் சொன்னது ஒன்றுதான்: தண்ணீர் நிரம்பினால் பட்டை தோளை அறுக்கிறது. சொர்ணம் அட்டைகளை ஜெகதீசனின் மேசையில் பரப்பினார். பட்டை அகலமானது. நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டோம் என்று எழுபத்தோரு பேருக்கும் சொர்ணம் கைப்பட எழுதினார். அதற்குப் பிறகுதான் ஆர்டர் வரத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் தபாலிலேயே வியாபாரம் செய்யலாம் என்று காட்டிய முதல் ஆள் அவர்தான்.

கிருஷ்ணப்பிரியாவாகிய நான் அங்கே சேர்ந்தது 2015 நவம்பரில். சொர்ணம் அக்காவிடம் அப்போது பதினாலாயிரம் அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விவசாயியின் பெயர், ஊர், பயிர், அவர் எழுதிய குறை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் என்னை எடுத்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் மழையில் கம்பெனிக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. கம்ப்யூட்டர் போனது. அட்டைகள் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஜெகதீசன் சார் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

அக்கா சேறு படிந்த தரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நோட்டு எட்த்துக்கோ பிரியா. எனுக்கு நாபகம் கீறத சொல்றேன்."

இரண்டு நாள் சொன்னார். பெயர், தகப்பன் பெயர், தெரு, தபால் நிலையம், பின்கோடு. எனக்குக் கை வலித்தது. அவருக்கு ஓரிடத்தில்கூடத் தடுமாற்றமில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஊருக்கு ஒருவர். அப்படிப்பட்ட நினைவை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அக்கா உள்ளதை எழுதினார். வெள்ளத்தில் உங்கள் பெயர்களையெல்லாம் தொலைத்துவிட்டோம். உங்கள் ஊரில் எங்கள் மெஷின் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று எழுதி அனுப்புவீர்களா?

பொங்கலுக்கு முன்பே பதில்கள் வரத் தொடங்கின. பிறகு தபால்காரர் மூட்டையாகவே கொண்டுவந்து இறக்கினார். ஒருவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தே வாங்கி அனுப்பியிருந்தார். சீர்காழிப் பக்கமிருந்து ஒரு விவசாயி, மழையில் என்ன சாப்பிட்டீர்களோ என்று ஐந்து கிலோ அரிசியைத் துணியில் தைத்துப் பார்சல் போட்டிருந்தார். மார்ச் மாதத்துக்குள் பதினோராயிரம் பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் நான் பெயர்களைத் தட்டிக்கொண்டேயிருந்தேன்.

அக்கா அரிசி அனுப்பியவருக்குத்தான் முதலில் பதில் எழுதினார்.

ஜெகதீசன் சார் ஓய்வு பெற்றபின் அக்கா திருமுல்லைவாயிலில் ஒற்றை அறை பிடித்தார். தங்களுக்கும் கடிதம் எழுதித் தரச் சொல்லி விதைக் கம்பெனியும் கண் மருத்துவமனையும் இன்று அவரைத் தேடி வருகின்றன. வாட்ஸப்பில் போகும் செய்தியையும் அவர் முதலில் தாளில் எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறார். போன வாரம் நான் போனபோது, வெளியூரிலிருந்து கண் அறுவைசிகிச்சைக்கு வரவிருந்த ஒரு பாட்டிக்கு எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவதென்று எழுதிக்கொண்டிருந்தார்.