புரொப்பல்லரைக் கையால் சுற்றிய காலை

அந்த விமானத்துக்கு பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. ஒரு ஆள் முன்னால் போய் நின்று, மூக்கில் இருக்கிற விசிறியை, அதாவது புரொப்பல்லரை, கையால் இழுத்துச் சுற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும். துணி போர்த்திய, இரண்டு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம். தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்கிற ஒரு அண்ணாச்சி அதை எங்கிருந்தோ ஆசையாக வாங்கி வந்து, பாஞ்சாலங்குறிச்சி தாண்டி இருந்த தன் நிலத்தில் ஓடுபாதையும் கொட்டகையும் போட்டு நிறுத்தியிருந்தார். அதைத் திரும்பவும் பறக்க வைக்கிற வேலை எனக்கும் என் சிநேகிதிக்கும் வந்தது.

நான் விமான மெக்கானிக். எங்கள் வீட்டில் எல்லோரும் பலசரக்குக் கடைக்காரர்கள். நான் ஒருத்திதான் ஸ்பானர் பிடித்தவள். சிநேகிதி திரேஸ்புரத்துக்காரி. அவள் அப்பா இன்றைக்கும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. அவள் விமானம் ஓட்டப் படித்தாள். நான் அதைக் கழற்றிப் பூட்டப் படித்தேன். ஒரே விமானத்தில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இருவருக்கும் ரொம்ப நாள் ஆசை.

மாதக்கணக்கில் அந்த எஞ்சினோடு கிடந்தோம். உப்புக்காற்று தின்ற போல்ட்டுகளை மாற்றினோம், இறக்கைக்குப் புதுத் துணி போர்த்தினோம். அனுமதிகள் எல்லாம் கைக்கு வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தடவை பறப்பது என்று முடிவானது.

அண்ணாச்சி சொந்தக்காரர்களை வேன் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். மாமனார் வீடு, மச்சினர் வீடு, பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, ஆளுக்கொரு போன். நான் கொட்டகையிலிருந்து கயிற்றை எடுத்துவந்து, விமானத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் தள்ளிக் கட்டினேன். "எல்லாரும் இந்தக் கயித்துக்கு அங்கன நில்லுங்க. எஞ்சின் ஓடும்போது ஒருத்தரும் முன்னால வரக்கூடாது" என்றேன்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. "என்னம்மா இது, கோயில் கொடைக் கூட்டத்துக்குக் கயிறு கட்டுத மாதிரி கட்டுதே. ஒரு சுத்து சுத்தி விட்டா கிளம்பிரும்னு சொன்னீங்க. போட்டோ எடுக்கணும்லா."

"கிளம்பும் அண்ணாச்சி. கிளம்பின பொறவு அந்த விசிறி கண்ணுக்கே தெரியாது. அதான் பயம்."

 அப்படியும் அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நின்றார். நான் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், கூட இருந்த ஒருவர் விளையாட்டுப் போல ஒரு புரொப்பல்லரைத் தள்ளப்போய் விரல்களை இழந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் என் விமானத்தில் பேச்சு ஒன்றுதான்: சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தாலும் விசிறி எந்த நேரமும் சுற்றும் என்றே நினைத்துக்கொள்.

சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்தேன். வாலை வடக்கயிற்றால் தரையில் அடித்த இரும்பு முளையோடு கட்டினேன். நிற்கிற இடத்தில் கல், எண்ணெய் இல்லாமல் சுத்தம் செய்தேன். துப்பட்டாவைக் கழற்றிக் கொட்டகையில் போட்டேன். வளையல், வாட்ச் எதுவும் கையில் இல்லை. சிநேகிதி உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தாள். விமானத்தை என் பலம் கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை.

"சுவிட்ச் ஆஃப்?" என்று கத்தினேன்.

"சுவிட்ச் ஆஃப்" என்று திருப்பிச் சொன்னாள்.

"பெட்ரோல் ஆன்? திராட்டில் குறைச்சு இருக்கா?"

"ஆன். வேகம் குறைச்சிருக்கு."

எஞ்சினுக்குள் பெட்ரோல் இழுப்பதற்காக, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் விசிறியைச் சும்மா சில சுற்று சுற்றுவது வழக்கம். உள்ளங்கையை விரித்து, விரலை மடக்காமல் தகட்டின் மேல் வைத்து, கீழே இழுத்த வேகத்திலேயே உடம்பைப் பின்னால் எடுத்துக்கொண்டு விலகினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அதே மாதிரி இழுத்து விலகினேன்.

எஞ்சின் படாரென்று பிடித்துக்கொண்டது.

விசிறி மறைந்தது. நான் நின்றிருந்த இடத்தில் இப்போது காற்றுதான் அறுபட்டுக்கொண்டிருந்தது. விமானம் ஒரு உதறு உதறி கட்டையில் முட்டி நின்றது, வால்கயிறு விறைத்தது. "சுவிட்ச் ஆஃப்லதாம்ளா இருக்கு" என்று உள்ளேயிருந்து அவள் கத்தினாள். கத்திக்கொண்டே பெட்ரோல் வால்வை அடைத்தாள். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் ஓடி, இருமி, நின்றது.

 அவள் இறங்கி வந்து முதலில் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் இருக்கு" என்றேன். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கோ பயத்துக்குப் பதிலாக நெஞ்சு நிமிர்ந்தது. சொன்னபடி எல்லாம் செய்திருந்தோம். செய்தது எல்லாம் பிடித்து நின்றது.

கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த எஞ்சினில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. சுவிட்சை ஆஃப் செய்தால் ஒரு ஒயர் வழியாக அது அடங்கும். அந்த ஒயர் அறுந்தால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். காலையில் கொட்டகையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒயர் நன்றாகத்தான் இருந்தது. மேடுபள்ளத்தில் தள்ளிக்கொண்டு வந்த குலுக்கலில், ரப்பர் உறைக்குள்ளேயே கம்பி விட்டுப்போயிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது.

புது ஒயர் போட்டேன். எஞ்சினை ஓட்டி, சுவிட்சை ஆஃப் செய்து, உடனே அடங்குகிறதா என்று பார்த்தோம். அடங்கியது. பிறகு இன்னொரு தடவை. அண்ணாச்சி மச்சினரிடம், "ஏலே, போனை உள்ள வச்சிட்டுத் தள்ளி நில்லு" என்று சொன்னது கேட்டது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். கட்டை, கயிறு, பிரேக், கேள்வி, பதில். கடைசியில் நான் "காண்டாக்ட்" என்றேன். "காண்டாக்ட்" என்று அவள் சுவிட்சைப் போட்டாள். ஒரே இழுப்பு. இந்த முறை எஞ்சின் நாங்கள் கேட்டதால் பிடித்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய் வால்கயிற்றை அவிழ்த்தேன்; அவள் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, இறக்கைக்குப் பின்னாலிருந்து கட்டைகளை இழுத்தேன்; பின் சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டேன்.

செம்மண் ஓடுபாதை அதிர்ந்து, அதிர்ந்து, பிறகு அதிர்வது நின்றது. கீழே முள்ளுக்காடு சிறிதானது. உப்பளங்கள் கண்ணாடிச் சில்லுகளாக மின்னின. துறைமுகத்து கிரேன்களை வலப்பக்கம் தூரத்தில் விட்டுவிட்டு, கரையோரமாக வடக்கே திரும்பினாள். முத்துக் குளித்த கடல் பச்சையும் நீலமுமாக அசையாமல் கிடந்தது.

"அந்தா, திரேஸ்புரம்" என்று பின்னால் திரும்பிக் கத்தினாள். "அப்பா இன்னிக்குக் கடலுக்குப் போகல. கரையில நிக்கேன்னு சொன்னாவ."

வள்ளங்களுக்கு நடுவில் ஒரு கூட்டம் தெரிந்தது. அதில் அவர் யார் என்று அடையாளம் தெரியவில்லை. ஆனால் கூட்டம் மொத்தமும் கையை ஆட்டியது. அவள் இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து பதில் சொன்னாள். நான் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தத்தில் என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.