ஆறாம் வரிசை, மேல் தட்டு

நம்பாதவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. சரக்குக் கிடங்கில் எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன மாதம் கிடங்கு முழுவதையும் மாற்றி அடுக்கினேன். அடிக்கடி விற்கும் குழாய்களும் திருகாணிகளும் பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் உயரத்தில். எப்போதாவது போகும் பெரிய இரும்பு வால்வுகள் ஆறாம் வரிசையின் மேல் தட்டில். விற்பனையைப் பார்த்தேன், எடையைப் பார்க்கவில்லை. பொருள் எடுத்து வரும் நேரம் பாதியாகக் குறைந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அங்கேதான் பொருள் எடுத்துத் தரும் வேலை பார்த்தார்.

“மாப்ளே, அவ்ளோ கனத்த மேல ஏத்தி வச்சிருக்கியே. ஏணியப் பிடிக்க ஆள் வேணாமா?”

“எப்பவாச்சும்தானே அத்தான்? கூப்பிடுங்க, நானே வந்து பிடிக்கிறேன்.”

இரண்டே வாரத்தில் கூப்பிட்டார். “இதோ வர்றேன் அத்தான்” என்றேன். கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம் அவர் விழுந்த சத்தம்தான் கேட்டது.

“அவருக்கு எதுலயும் அவசரம்டா. நீ என்ன பண்ணுவ?” என்று அக்கா என்னைத் தேற்றினாள். தாலியறுத்த பாவி நான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாயும் வரவில்லை.

திங்கட்கிழமை அத்தான் இடத்துக்குப் புது ஆள் வருவதாக இருந்தது. அவரும் ஏறி விழுந்தால்? அதற்கு முன்பே வால்வுகளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று ஞாயிறு மதியம் தனியாகப் போனேன். வாசலில் புதிதாகச் சேர்ந்த காவலாளி மட்டும் இருந்தார்.

மணி மூன்று இருபது. ஏணியில் ஏறினேன். கிரீச்… பாதி ஏறியதும் அது ஆடியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆட்டம் நின்றது. யாரோ கீழே பிடித்த மாதிரி.

முதல் பெட்டியை இழுத்தேன். கை நழுவியது. கனம் சட்டென்று குறைந்தது. கீழே இருந்து யாரோ வாங்கிக்கொண்டார்கள்…

“குடு மாப்ளே.”

குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. அடுத்ததைக் கொடுத்தேன். அதற்கடுத்தது… அதற்கடுத்தது…

தட்டு காலி.

இறங்கினேன். யாரும் இல்லை.

பெட்டிகள் எல்லாம் கீழ்த் தட்டில் வரிசையாக இருந்தன.

ஓடினேன்.

வாசல் அறையில் காவலாளி கேமரா திரையிலிருந்து நிமிர்ந்தார். “சார், மேல ஏறினாரே, அவர் யாரு? எப்ப உள்ள வந்தாரு?”

“நான்தான் ஏறினேன்.”

“இல்ல சார். பாத்துக்கிட்டேதானே இருந்தேன். அவர்தான் ஏறி எல்லாத்தையும் இறக்கினாரு. நீங்க கடைசி வரைக்கும் கீழ ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அழுதுக்கிட்டே இருந்தீங்க, பாவம். கண்ணத் துடைக்கக்கூட கைய எடுக்கல.”